மதுரையிலிருந்து குடும்பத்தோடு காரில் மழைநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்து தேனி, கம்பம், போடிமெட்டு, கொடைக்கானல், சிறுமலை, மேகமலை என்று ஒரு நாளோ இரண்டு நாளோ காரில் போய்வரும் குடும்பங்களுக்கான பக்கம் இது. மழை என்றதும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் வெயில் நாளுக்குப் போட்ட திட்டத்தோடு மழை நாளில் கிளம்பக் கூடாது. நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டால், இந்தப் பக்கத்து மலைகளையும் கண்மாய்களையும் பார்க்க மழைக்காலத்தைப் போல நல்ல காலம் கிடையாது.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மழை இருக்கும்?

மதுரைக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, அதாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதுரையில் புழுதிக் காற்று அடிக்கும்போதே கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் சாரல் விழும்; குமுளி, மூணாறு பக்கம் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்கும் வெளியில் பக்கவாட்டுக் காற்று பலமாக இருக்கும். மேலே சாமான் கட்டிய கார் லேசாக இழுக்கும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வேகத்தைக் குறைத்தால் போதும்.

நாளைக்குப் போகலாமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

முதல் நாள் மாலையில் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான எச்சரிக்கையைப் பாருங்கள். மதுரைக்கு மட்டும் பார்த்தால் போதாது. போகிற மாவட்டம், நடுவில் கடக்கிற மாவட்டம் எல்லாவற்றுக்கும் பார்க்க வேண்டும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ., அதற்கு மேல் அதிகனமழை. வழக்கமாக இந்த மூன்றும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும்.

மஞ்சள் என்றால் நேரத்தை மாற்றிக்கொண்டு போகலாம். ஆரஞ்சு என்றால் மலை ஏறக் கூடாது, சமவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிவப்பு என்றால் வீடுதான். ஏற்கெனவே மூன்று நான்கு நாள் விடாமல் பெய்திருந்தால் மஞ்சளையும் ஆரஞ்சாக எடுத்துக்கொள்ள வேண்டும். மண் ஊறிப் போயிருக்கும்போது, மலைப்பாதையில் சரிவு ஏற்படப் பெரிய மழை தேவையில்லை.

எத்தனை மணிக்குக் கிளம்புவது நல்லது?

இந்தப் பக்கத்தில் ஐப்பசி மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு மேல் இடியோடு இறங்கும். அதனால் மலையைக் காலையிலும் சமவெளியை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணிக்கு மதுரையை விட்டால் சுமார் 75 கி.மீ. தள்ளியிருக்கும் தேனியில் ஏழரைக்குள் டிபன். ஒன்பது, ஒன்பதரைக்குப் போடிமெட்டு ஏறிவிடலாம். மதியம் இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். "இன்னும் ஒரு இடம் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று மூன்று மணிக்கு மேல் மலையில் தங்குவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு ஆரம்பம். மழை, மூடுபனி, இருட்டு மூன்றும் ஒன்றாக வந்து சேரும்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருக்கும் நாட்களில் இந்தக் கணக்கு பொருந்தாது. அன்றைக்குக் காலை, மாலை என்று பார்க்காமல் நாள் முழுக்கப் பெய்யும்.

காரில் முன்கூட்டியே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வைப்பரை முதலில் பாருங்கள். மதுரை வெயிலில் எட்டு ஒன்பது மாதம் காய்ந்த ரப்பர் விறைத்து வெடித்திருக்கும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஓடவிட்டால் கோடு கோடாக விட்டுப்போகும், அல்லது கிரீச்சிடும். ஐப்பசிக்கு முன்னால் ஆண்டுக்கு ஒரு முறை ரப்பரை மாற்றிவிடுவது சிக்கனம்தான். வாஷர் தொட்டியை நிரப்பிவையுங்கள். முன்னால் போகிற லாரி அடிக்கும் சேற்றை வெறும் வைப்பரால் துடைத்தால் கண்ணாடி முழுக்க மெழுகிவிடும்.

டயரில் சட்டப்படி 1.6 மி.மீ. பள்ளம் இருந்தால் போதும். மழைக்கு அது போதாது, 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மலைக்கு எடுத்துப்போகாதீர்கள். அந்தப் பள்ளங்கள்தான் டயருக்கு அடியில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. தள்ள முடியாதபோது டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள். இரண்டொரு விநாடியில் டயர் மறுபடி ரோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

காற்றழுத்தத்தை டயர் சூடாகுமுன் பார்க்க வேண்டும். ஐந்து பேரும் சாமானும் ஏறும் நாளில் எவ்வளவு வைக்க வேண்டும் என்று டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

மழையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

முன்னால் போகும் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். நீங்கள் அந்தக் கல்லுக்கு வரும்போது குறைந்தது ஆயிரத்து நான்கு சொல்லியிருக்க வேண்டும். வெகுநாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் கால் மணி நேரம்தான் ரோடு அதிகமாக வழுக்கும். ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து கிடக்கும். நன்றாகப் பெய்து கழுவிவிட்ட பிறகு பிடிப்பு கொஞ்சம் திரும்பும்.

கண்ணாடி உள்ளே புகை மாதிரி படிகிறது. என்ன செய்வது?

ஐந்து பேர் மூச்சும் நனைந்த துணியும்தான் காரணம். ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏ.சி. ஈரத்தை இழுத்துவிடும், ஒரு நிமிடத்தில் தெளியும். குளிர்கிறது என்றால் ஏ.சி.யை நிறுத்தாதீர்கள், வெப்ப அளவை மட்டும் ஏற்றுங்கள். கையால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, எதிர் வண்டி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

துடைத்தும் போகவில்லையா? படிந்திருப்பது வெளிப்பக்கம். உள்ளே அதிகமாகக் குளிர்ந்து கண்ணாடி சில்லிட்டால் அப்படி ஆகும். வைப்பரை ஒரு சுற்று ஓடவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து கால் பக்கம் திருப்புங்கள்.

மழை கொட்டும்போது நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். ஓடும்போது ஹெட்லைட்டை லோ பீமில் வையுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரும் ஓரமாக நிறுத்திய வண்டிக்கு.

ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடுகிறது. கடக்கலாமா?

இந்த ஊர்ப் பக்கம் மழைநாளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். மதுரை, உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். அந்த மறுகால் ஓடை பல இடங்களில் கிராமத்து ரோட்டைத் தரைப்பாலத்தில் கடக்கிறது. ஆகவே மழை விட்டு, வெயிலடித்து, ஒரு நாள் கழித்தும் அங்கே தண்ணீர் ஏறும். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டீக்கடையிலோ ஆடு மேய்ப்பவரிடமோ "மறுகால் போகுதாண்ணே?" என்று கேளுங்கள். கூகுள் மேப் காட்டும் குறுக்கு வழிக்கு இந்தத் தண்ணீர் தெரியாது. மழைநாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடினாலும் பெரிய ரோட்டிலேயே போங்கள்.

ஓடும் தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும். எனவே ஓடும் தண்ணீரில், தரை தெரியவில்லை என்றால் இறங்கவே வேண்டாம். தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு கதை: ஓரத்து மைல் கல்லையோ, முன்னால் போன காரின் சக்கரத்தையோ வைத்து ஆழத்தைப் பாருங்கள். பாதிச் சக்கரத்துக்கு மேல் என்றால் திரும்புங்கள். அதற்குக் குறைவு என்றால் முதல் கியரில், ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்து, நடை வேகத்தில், ரோட்டின் நடுவில் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது, நிறுத்தக் கூடாது. எதிரே பஸ் வந்தால் அது கடந்து, அலை அடங்கியபின் இறங்குங்கள்; பஸ் கிளப்பும் அலைதான் என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்வரை எட்டும். கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை நான்கைந்து முறை லேசாக மிதித்துக் காயவையுங்கள்.

மதுரை நகருக்குள் மணிநகரம் கர்டர் பாலம் போன்ற ரயில்வே சுரங்கப்பாதைகளையும், வைகையில் தண்ணீர் போகும் நாட்களில் யானைக்கல் தரைப்பாலத்தையும் தவிர்த்துவிடுங்கள். வைகை அணையின் முழு அளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கைச் செய்தி வந்துவிட்டால் ஆற்றோரப் பாதைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு முறைகூட வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சில ஆயிரத்தில் முடிகிற வேலை, அந்த ஒரு ஸ்டார்ட்டில் என்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். அதோடு, "என்ஜின் புரொடெக்ட்" என்ற கூடுதல் பிரிவு எடுக்காத சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் மேட்டுக்கு அனுப்புங்கள். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைத் தள்ளி மேடேற்றி, ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து தொட்டுப் பாருங்கள். ஃபில்டர் ஈரமாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு மீட்பு வண்டிக்குச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியாகக் கேட்க வேண்டும்.

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டால்?

போடிமெட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் 17 கொண்டை ஊசி வளைவுகள், சிறுமலைக்கு 18, சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் 18. எதுவானாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டினாலோ, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினாலோ பிரேக் சூடேறி, கருகின வாடை வரும், பெடல் மெத்தென்று இறங்கும். அப்படி ஆனால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும்.

வளைவில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அது திரும்ப முழு ரோடும் வேண்டும்.

நின்று மழையைக் கழிக்க வேண்டுமென்றால் இடத்தைப் பார்த்து நில்லுங்கள். வெட்டிவிட்ட மண் சரிவுக்கு அடியிலோ, மரத்தடியிலோ, ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்திலோ நிற்கக் கூடாது. சரிவிலிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டு விழுகிறது, தெளிவாக வடிந்த தண்ணீர் திடீரென்று செந்நிறமாகிறது, மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் மண் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே படம் எடுக்க ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். லோயர் கேம்ப் முதல் குமுளி வரையிலான ஏற்றத்திலும், போடிமெட்டு தாண்டி மூணாறு போகும் வழியில் தேவிகுளம் பக்கத்துக் கேப் ரோட்டிலும் மண் சரிவது புதிதல்ல. கனமழையின்போது இடுக்கி மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்துக்குத் தடை போடுவதும் உண்டு. கேரளா போகிறவர்கள் அந்த மாவட்ட அறிவிப்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அதை வீட்டிலேயே எடுத்து, படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் மலையடிவாரத்தில் நின்று சிக்னல் தேட வேண்டாம்.

மழையில் எதைப் பார்க்க நன்றாக இருக்கும்?

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி எழும். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலை அந்தச் சுவரில் வெள்ளை நூல் நூலாக அருவிகள் தொங்கும். வேனிலில் அதில் ஒன்றுகூட இருக்காது. கொடைக்கானல் ஏறும் வழியில் டம்டம் பாறையிலிருந்து எலிவால் அருவி தெரியும். சுமார் 975 அடி உயரம். வெயில் காலத்தில் வெறும் பாறைக் கறையாகத் தெரிகிற இடத்தில், மழைக்காலத்தில் தண்ணீர் பாறையில் மோதாமல் அப்படியே பிரிந்து விழுவது தெரியும். மூடுபனி மறைத்திருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். காற்று ஒரு முறை திரும்பினால் விலகும்.

கும்பக்கரை, சுருளியில் குளிக்கலாமா?

வனத்துறை அனுமதித்தால் மட்டும். கும்பக்கரைக்குத் தண்ணீர் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிறது. பெரியகுளத்தில் வெயிலடிக்கும்போதே மேலே பெய்த மழை பத்து நிமிடத்தில் வெள்ளமாக வந்துவிடும். தண்ணீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, சற்று முன் வெளியே தெரிந்த பாறை மூழ்குவது, இதில் எது ஒன்று கண்ணில் பட்டாலும் சோப்பு, துண்டை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் நீரோட்டத்தின் ஒரே கரையில் இருங்கள். குறுக்கே கடந்து அக்கரைப் பாறையில் உட்கார்ந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓரம் கட்டியதில் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. எப்படி எடுப்பது?

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல் மண். மழை பட்டால் சக்கரத்தைச் சுற்றி அப்பம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அங்கே தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் கொஞ்சம் பரவாயில்லை.

புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள், சக்கரம் சுற்றச் சுற்ற ஆழமாகும். எல்லாரும் இறங்கிவிட்டு, இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னால் உள்ள சேற்றைக் கையால் வழித்து, சாக்கையோ தென்னை மட்டையையோ சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் இழுப்பது முன் சக்கரம். ஸ்டீயரிங்கை நேராக்கி, இரண்டாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். பின்னால் யாரும் நிற்க வேண்டாம். சாக்கும் கல்லும் பறக்கும். டிராக்டர் வைத்து இழுத்தால் கயிற்றைப் பம்பரில் கட்டாமல், டிக்கியில் ஜாக்கியோடு இருக்கும் கொக்கியைத் திருகி அதில் கட்டுங்கள்.

சாப்பாடு என்ன கட்டிக்கொள்வது?

மழைநாளில் நினைத்த இடத்தில் இறங்கிச் சாப்பிட முடியாது, ஆகவே கை நனையாமல் சாப்பிடக்கூடியதாகப் பாருங்கள். நல்லெண்ணெய் தாராளமாகத் தடவிய பொடி இட்லி, புளியோதரை இரண்டும் மாலை வரை தாங்கும். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு முக்கால் கிலோ அரிசி போதும். தயிர் சாதத்துக்குப் பால் அதிகமாக விட்டு ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மதியத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம்.

சுக்கு மல்லிக் காப்பி ஒரு ஃபிளாஸ்க் கட்டாயம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மல்லி விதை இரண்டு மேசைக்கரண்டி, விரல் அளவு சுக்கு, மிளகு அரை டீஸ்பூன் இடித்துப் போட்டு, 100 கிராம் கருப்பட்டியோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஃபிளாஸ்கில் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுக் காப்பியை ஊற்றினால் சாயங்காலம் வரை சூடு நிற்கும். சாப்பிட கிராமத்துப் பஸ் நிழற்குடை நல்ல இடம். எச்சில் இலையை அங்கே போடாமல் ஒரு பையில் கட்டி எடுத்துவந்துவிடுங்கள்.

வளைவில் குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள். மழையில் கண்ணாடியையும் இறக்க முடியவில்லை.

மலை ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள்; வெறும் வயிறும் ஆகாது. போனைக் கையில் கொடுக்காதீர்கள், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தால் முன்கண்ணாடி வழியே ரோடு தெரியும், குமட்டல் குறையும். மாத்திரை என்றால் டாக்டரிடம் முன்பே கேட்டு, ஏறுவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

அட்டைப்பூச்சி கடித்தால்?

மேகமலை, மூணாறு, கொடைக்கானல் காட்டோரங்களில் ஈரம் இருந்தால் அட்டையும் இருக்கும். பிய்த்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் சறுக்கித் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் சுரப்பதால் கொஞ்ச நேரம் வடியும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்தினால் நிற்கும்.

மலை ஏற முடியவில்லை என்றால் நாள் வீணா?

வீணே இல்லை. வைகை அணை வரை போய்த் திரும்பலாம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மதுரையிலிருந்து 12 கி.மீ. அளவில், கூரைக்குக் கீழே அரை நாள் போகும். திருமலை நாயக்கர் அரண்மனை, காந்தி அருங்காட்சியகம் இரண்டும் மழைக்கு ஏற்றவை. சமணர் மலைக்கு மட்டும் மழையில் ஏறாதீர்கள். பாறை பாசி பிடித்து வழுக்கும், இடிக்கு ஒதுங்க இடமும் இல்லை.

யாருக்கும் ஓட்ட மனமில்லை என்றால் ரயில் இருக்கிறது. அகலப் பாதையாக மாற்றியபின் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடி வரையிலும் மதுரையிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. கணவாயை ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாரும் பார்த்துக்கொண்டே போகலாம். ஓட்டுகிறவருக்கும் அன்று விடுமுறை.

காரில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆளுக்கு ஒரு துண்டும் ஒரு மாற்று உடையும், பெட்டியில் இல்லாமல் கைக்கெட்டும் பையில். மூன்று குடை, ஒரு தார்ப்பாய், இரண்டு சாக்கு, டார்ச், பவர் பேங்க், பத்து லிட்டர் குடிதண்ணீர், ஒரு வாளி. ஈரக் குடையை வாளியில் வைத்தால் தரை நனையாது. மிதியடிக்கு அடியில் பழைய செய்தித்தாளை நான்கு மடிப்பாகப் போட்டு, ஊறியதும் மாற்றிக்கொண்டே வாருங்கள்.

அவசரத்துக்கு எந்த எண்?

எதற்கும் 112. ஆம்புலன்ஸ் 108. வெள்ளம், மரம் விழுந்தது, மண் சரிவு என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. இடத்தைச் சொல்ல அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணும், மலையில் என்றால் எத்தனையாவது வளைவு என்பதும் போதும்.

வீடு வந்து சேர்ந்ததும் காரில் ஏதாவது செய்ய வேண்டுமா?

அன்றிரவு ஹேண்ட்பிரேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரத்தோடு இழுத்துவிட்ட பிரேக் காலையில் ஒட்டிக்கொண்டு விடாது. மறுநாள் வெயில் வந்ததும் நான்கு கதவையும் திறந்து மிதியடியை வெளியே எடுத்துக் காயப்போடுங்கள். மிதியடிக்குக் கீழே இருக்கும் தரை விரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள், வாடை வருவது அங்கிருந்துதான். சக்கரக் குழியிலும் வண்டிக்கு அடியிலும் ஒட்டிய கரிசலைக் காய்வதற்குள் கழுவிவிடுங்கள்.